நடக்க மட்டும் தடம்

திருச்செங்கோடு பக்கம் தார்ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் தடம், முதலில் பக்கத்துக் காட்டுக்காரரின் கடலைக்காட்டு வழியே வந்து, எங்கள் வாசலைக் கடந்து, பின்னால் இருக்கும் அவர் வீட்டில் போய் முடியும். அவரிடம் வண்டி கிடையாது. அந்தத் தைரியத்தில் ஒருநாள் என் ஸ்கூட்டரை மறித்தார்.

“தடம் நடக்கறதுக்குத்தானுங்க. வண்டிக்கு இல்லீங்க.”

எங்கள் ஊரில் சண்டையிலும் ‘ங்க’ குறையாது.

தள்ளிக்கொண்டு போனால் அது நடைதான் என்று தீர்ப்பும் அவரே சொன்னார். அன்றிலிருந்து அவர் காட்டில் இஞ்சினை அணைத்துத் தள்ளினேன். பாழாய்ப்போன மனுஷன், வரப்பில் நின்று கண்காணிப்பார்.

ஆடி பிறந்தது. தலையாடிக்கு அவருடைய புது மாப்பிள்ளை, மகளோடு காரில் வந்தார். எங்கள் வாசலில் அம்மா குறுக்கே நின்றாள்.

“வாங்க மாப்பிள்ளை. தடம் நடக்கறதுக்குத்தானுங்களாமா. உங்க மாமனாரையே கேளுங்க.”

வரவேற்க ஓடிவந்த மாமனார் காருக்குப் பின்னால் போனார். மாப்பிள்ளையை இறங்கவிடாமல், வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டி, அவரே காரைத் தள்ளினார். நானும் ஒரு கை கொடுத்தேன், எனக்குப் பழக்கம்தானே.

எங்கள் வாசலைத் தாண்டி மூச்சிரைக்க நின்றவருக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டி அம்மா கேட்டாள்:

“மாப்பிள்ளை என்னைக்குங்க திரும்பிப் போறாரு?”