குப்பை ட்ரம்முக்குப் போட்ட சீட்டு

இறால் தலைக்கு ஒரு குணம் உண்டு. காலை பதினோரு மணிவரை மரியாதையாக இருக்கும். அதற்குப் பிறகு தான் இருப்பதைத் தெரு முழுக்கச் சொல்லிவிடும். மதியத்துக்குள் அதற்கு ஒரு வழி செய்யாவிட்டால், நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊரில் கெட்ட பெயர்தான். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பழவேற்காட்டில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எங்கள் குப்பம். என் மாமனார் வலைகளைப் போட்டு வைத்திருந்த கொட்டகைக்குத் தரை பூசி, கூரை மாற்றி, அதில்தான் என் கடையைத் தொடங்கினேன். கடை என்றால் ஆட்கள் வந்து வாங்கிப் போகிற கடை இல்லை. ஏரி இறாலை உரித்து, நண்டைச் சுத்தம் செய்து, மடவை மீனுக்குச் செதில் எடுத்து, கூடவே கருவாட்டுப் பொடியும் நண்டு ரச விழுதும் சேர்த்து, ஐஸ் பெட்டியில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புவோம். உள்ளே கறுப்பு அட்டைப் பெட்டி, தங்க நிற எழுத்து. சென்னையில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் மீன் பிரிவில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்தவள் நான். வசதியான வீட்டு அம்மாக்கள் நண்டை எப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அவர்களுக்காகவே பெட்டிமேல் ‘கூர்மே’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்தேன்.

"கூர்மேன்னா இன்னாக்கா?" என்று கேட்டாள் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வேலைக்கு வருகிறவள்.

"ருசி தெரிஞ்சவங்க சாப்புடுறது."

"அப்ப நாங்க துன்றது?"

கொட்டகையில் இருந்த ஏழு பெண்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் எனக்குக் கோபம்தான் சுலபமாக வரும், சிரிப்பு வராது. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து நான் ஊருக்குக் கொண்டுவந்த சொத்து ஒரு விசிலும் ஒரு வெள்ளைப் பலகையும் கத்திப் பழகிய தொண்டையும்தான்.

அந்தப் பலகையில் யாருக்கு என்ன வேலை என்று கட்டம் போட்டு எழுதுவேன். கை வேகமுள்ளவர்களுக்கு இறால். கண் கூர்மையானவர்களுக்கு நண்டு. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பெட்டி கட்டுகிற வேலை, நன்றாகப் பேசத் தெரிந்த சுண்ணாம்புக்குளத்துக்காரிக்கு. கடைசிக் கட்டம், கழிவு. அதில் தோணிரேவிலிருந்து வருகிறவளின் பெயரை எழுதினேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். காலையில் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேருவாள். நான் சொன்னதற்கு மறுபேச்சு பேச மாட்டாள். அவளை அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு இந்த இரண்டு காரணங்கள் போதுமானதாக இருந்தன. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இல்லாதவள் என் கொட்டகையில் ட்ரம் தூக்கினாள்.

ஒரு நாளைக்கு இரண்டு நீல ட்ரம் நிறையும். தலை, ஓடு, செதில், குடல் எல்லாம் ஒன்றாக. தொடக்கத்தில் கோழித் தீவனம் தயாரிக்கும் ஒருவர் வண்டியில் வந்து எடுத்துப்போனார். ஒருநாள் வண்டி வரவில்லை. போன் செய்தால், வேறு தொழிலுக்குப் போய்விட்டேன் என்றார். கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டச் சொன்னேன். குழி என்று ஒன்று இருந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் அதில் போடத் தோன்றும். சனிக்கிழமை நண்டு இல்லை என்று சென்னைக்காரர்களிடம் சொல்ல எனக்குப் பயம். அதனால் வெள்ளிக்கிழமையே தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பேன். அதில் கால்வாசி சாயங்காலத்துக்குள் செத்துவிடும். செத்த நண்டை விற்க முடியாது. அதுவும் குழிக்குத்தான் போனது.

ஈ வந்தது, நாய் வந்தது, பிறகு ஊர்த் தலைவர் நான்கு பேருடன் வந்தார்.

"இன்னாம்மா இது. நாமளும் மீன் புடிக்கிறவங்கதான், மீன் நாத்தம் நமக்குப் புதுசு இல்ல. இது வேற மாரி நாத்தமா கீது. வர்ற அமாவாசைக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லன்னா கொட்டாய மூடிடு" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் கொட்டகையை மூடினால் நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்துவிட மாட்டேன், ஏழு பேருக்கும் வேலை போகும். தோணிரேவுக்காரி எங்களிடம் வருவதற்கு முன்னால், இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்கக் குனிந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவள். அவள் முழங்கால் அதில்தான் போனது. திரும்ப ஏரியில் இறங்க அந்த முழங்கால் இடம் கொடுக்காது என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். ப்ளீச்சிங் பவுடரை மூட்டையாக வாங்கிக் கொட்டினேன். நாற்றமும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பெற்றுப் போட்டன. பலகையை மூன்று முறை அழித்து எழுதினேன். இறால் கட்டத்திலிருந்தவள் நண்டுக்குப் போனாள், நண்டு மீனுக்குப் போனது. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே பெயரை எழுதியிருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வேலை செய்பவர்களைக் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காக்கை, மூடாத ட்ரம்மிலிருந்து ஓர் இறால் தலையைத் தூக்கிக்கொண்டு போய், ஊரில் அத்தனை வீடு இருக்க, தலைவர் வீட்டில் வடகம் காய்ந்த துணிமேல் போட்டது. அவர் வீட்டம்மா அதைக் காகிதத்தில் வைத்து என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அந்த அவமானம் முழுவதையும் நான் தோணிரேவுக்காரிமேல் கொட்டினேன். மற்ற ஆறு பேர் முன்னால், ஒரு மூடியை மூடத் தெரியாதா, இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்று கத்தினேன்.

அவள் கையிலிருந்த ட்ரம்மைக் கீழே வைத்தாள். குழாயடிக்குப் போய்க் கையை நன்றாகக் கழுவினாள். திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"ஏரியில கூட நல்ல எடம் ஒருத்தனுக்கே கெடையாதுக்கா. இன்னிக்கு ஒருத்தன் பாடு, நாளிக்கு இன்னொருத்தன் பாடு. மோசமான எடமும் அப்டித்தான், எல்லாருக்கும் சுத்தி வரும். உன் கொட்டாயில மட்டும் நாத்தத்த என் பேர்ல பட்டா போட்டு வெச்சிகிறியே, இது இன்னா நாயம்?"

பாடு என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற வழிகளில் வலை கட்ட இடங்கள் உண்டு. அவற்றைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அன்றைக்கு யாருக்கு முறையோ அது அவர் பாடு. அந்த வலையில் விழுவது அவருடையது. வேறு யாரும் குறுக்கே வரக் கூடாது, வேண்டுமென்றால் அவரைக் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஏரிக்குப் போகிறவர். இன்றைக்கு யார் பாடு என்று நான் அடுப்படியிலிருந்து கேட்காத நாள் இல்லை. அப்படிப்பட்ட எனக்கு, பத்தடி தள்ளியிருந்த பலகையில் அது தோன்றவில்லை. எனக்கு நல்ல மூக்குடைப்பு.

மறுநாள் காலை பலகையைத் துடைத்தேன். ஏழு சீட்டு எழுதி, இறால் வடிகட்டுகிற கூடையில் போட்டு, தோணிரேவுக்காரியை முதலில் எடுக்கச் சொன்னேன். அவளுக்கு மின்விசிறி வந்தது. சுண்ணாம்புக்குளத்துக்காரிக்கு ட்ரம் வந்தது. அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, பாடுன்னா வலையில உழறது அவங்களுதுதானே? அப்ப இன்னிக்கு ட்ரம்முல உழறது என்னுதா?"

"தாராளமா எடுத்துக்கோ" என்றேன், கிண்டலாகத்தான்.

"அப்பறம் மாத்திப் பேசக் கூடாது" என்றாள்.

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அன்று ட்ரம் பக்கத்தில் நின்றுகொண்டு, தலையை ஓட்டோடு போடாதீங்கடி, செதிலை இங்கே கொட்டாதீங்கடி என்று எல்லோரையும் விரட்டினாள். நான் விசில் ஊதி மாதக்கணக்கில் செய்ய முடியாததை ஒரே காலையில் செய்தாள். தன் பொருள் என்று வந்தபிறகு அதில் அழுக்கு சேர யார் விடுவார்கள்? இறால் தலைகளை அலசி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, பழைய வலையில் பரப்பி, காக்கைக்குப் பயந்து மேலே இன்னொரு வலையைப் போட்டு, மூன்று நாள் காய விட்டாள். காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்து வறுத்து இடித்துச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுவந்தாள். சூடான சோற்றில் பிசைந்து எட்டுப் பேரும் தின்றோம். நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது அவள் என் தட்டைப் பார்த்தாள்.

"இதான்க்கா நாங்க துன்றது."

இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாள் கழித்துச் சிரித்தேன் என்று யோசித்தேன்.

தோணிரேவுக்காரியின் பாடு வந்தபோது அவள் ஓட்டையும் குடலையும் எடுத்துக்கொண்டாள். அவள் தம்பி பொன்னேரிப் பக்கம் மல்லி போட்டிருக்கிறான். சம எடைக்கு வெல்லம் சேர்த்து, மூடி போட்ட ட்ரம்மில் ஊற வைத்தால் செடிக்கு மீன் அமிலம் ஆகும் என்று அவன் சொல்லியிருந்தானாம். நாளாக ஆக அந்த ட்ரம்மிலிருந்து புளித்த வெல்ல வாசனைதான் வந்தது. மற்றவர்களும் அவரவர் பாட்டுக்கு அவரவர் வழி கண்டுபிடித்தார்கள். குழியை மண் போட்டு மூடியது யார் என்றே எனக்குத் தெரியாது. ஒருநாள் போய்ப் பார்த்தபோது தரை சமமாக இருந்தது.

எனக்கு வர வேண்டியதும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ட்ரம் தோணிரேவுக்காரியின் முறை. செத்த நண்டுக் கூடையைத் தூக்கிவந்து என் மேஜைமேல், ஆர்டர் எழுதுகிற நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என் பாட்டுல சேராதுக்கா. இது உன் பயத்துல செத்தது."

கூடை அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சென்னை வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஏரி கொடுத்தால்தான் நண்டு, பௌர்ணமியை ஒட்டிச் சதை இருக்காது, அப்போது அனுப்ப மாட்டேன் என்றேன். ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தது போனிலேயே கேட்டது. மற்றவர்கள், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்கள். நண்டு இல்லை என்று சொல்லாத கடை என்ற பெயரை, நான் எத்தனை நண்டைக் கொன்று, எத்தனை பேரிடம் எரிந்து விழுந்து காப்பாற்றியிருந்தேன். அந்தக் கூடையை என் முன்னால் கொண்டுவந்து வைத்தவளை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன். அன்று கோபம்தான் வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் சீட்டுக் கூடையில் எட்டுச் சீட்டு இருந்தது.

"எட்டாவது யாருக்கு?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான்" என்றாள் சுண்ணாம்புக்குளத்துக்காரி.

"எனக்குப் போன் வருது, ஆர்டர் பாக்கணும், எத்தனை வேலை இருக்கு."

"எல்லாருக்கும் வேல கீதுக்கா."

அமாவாசை அன்று காலை ட்ரம் சீட்டு எனக்கு வந்தது. தலைவர் வரும்போது இஸ்திரி போட்ட புடவையில் நின்று சொல்வதற்கு நான் நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் வந்தபோது முழங்கைவரை ட்ரம்முக்குள் இருந்தேன். கன்னத்தில் செதில் ஒட்டியிருந்தது. போன் அடித்துக்கொண்டிருந்தது, எடுக்கக் கை இல்லை. அவர் கொட்டகையைச் சுற்றி நடந்தார். குழி இருந்த இடத்தைக் காலால் அழுத்திப் பார்த்தார். மூடியிருந்த ட்ரம்முக்கு அருகில் போய் முகர்ந்தார். ஊரில் எதுவும் மறைவில்லை, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"இன்னிக்கு யாரு பாடு?" என்றார்.

தயார் செய்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "என்னுதுங்கண்ணா" என்றேன்.

"நாளிக்கு?"

தோணிரேவுக்காரி எழுந்து நின்றாள். அன்று நாளைய சீட்டையும் சேர்த்தே போட்டிருந்தோம்.

"என்னுது."

ஏரியில் எல்லா வீட்டுக்கும் பாடு கிடையாது. முறையில் பெயர் உள்ள குடும்பங்கள் உண்டு, பெயர் இல்லாத குடும்பங்களும் உண்டு. அவள் குடும்பத்தின் பெயர் அதில் இல்லை. மற்றவர்கள் விட்ட தண்ணீரில் இறங்கித் தடவுகிற குடும்பம். அது தலைவருக்கும் தெரியும். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எங்க வூட்ல அந்தப் பொடி இடிக்கணும்னு சொன்னாங்க. நாளிக்கு ஒரு கூடை தல வேணும். உன் பாடு, உன்னத்தான கேக்கணும். தருவியா?"

"பாத்துத் தர்றேன்" என்றாள் அவள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கொட்டகையைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அவள் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள், ஒரு நண்டை எடுத்தாள், இரண்டையும் திரும்பக் கீழே வைத்தாள்.

"எங்க வூட்ல ஆம்பளைங்களுக்கே பாடு இருந்ததில்லக்கா" என்றாள் என்னிடம் மெதுவாக.

என் கடையையும் என்னையும் காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தும் சொல்லவில்லை. ட்ரம்மைக் காலி செய்து, குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போனேன். நாளைக்கு அவள் பாடு என்பதால், அடிவரை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.