பாப்பாவின் மூச்சு

எனக்கு ஏழு வயது நடந்தபோது, என் தங்கச்சியை உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை.

மூன்று நாள் காய்ச்சலில் பாப்பா இறந்துபோனாள். கண்டமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். அத்தனை பேரும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். ஜெபம் நடத்திய உபதேசியார், பிள்ளை கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்று உரக்கச் சொன்னார். நான் அத்தையின் முந்தானையை இழுத்தேன்.

"நித்திரைன்னா இன்னா அத்த?"

"தூக்கம்தான்டி. சும்மா நில்லு."

அதற்குள் குழியில் மண் விழத் தொடங்கிவிட்டது. கத்தியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை பெரியவர்கள் தெரியாமலா செய்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். பாப்பாவோ தூங்குவதில் பேர்போனவள். விழுப்புரம் பேருந்தில் ஏறினால், கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிடும். இறங்கும்போது அப்பா தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். வீட்டுக்கு வந்து தலையைத் தட்டினாலும் எழ மாட்டாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து ஊரே ஏமாந்திருக்கலாம் அல்லவா?

அன்று முதல் சாயங்கால ஜெபம் எனக்குக் கிலியாகிவிட்டது. அம்மா தினமும் ஒரே மாதிரிதான் ஜெபிப்பாள். முடிக்கும்போது, "எங்களுக்கு நல்ல நித்திரையைத் தாரும் ஆண்டவரே" என்பாள். இத்தனை வருஷமாக நாங்களேதான் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். முதலில் பாப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்தது யார்? நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எனக்கு நித்திரை வேண்டாம் ஆண்டவரே, தூக்கம் மட்டும் போதும் என்று அவசரமாகத் திருத்தம் சொல்லி வைத்தேன்.

அப்பா இப்போது ஜெபத்துக்கு உட்காருவதில்லை. முன்பெல்லாம் அவர்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பார். இப்போது நாங்கள் பாய் விரித்தால் அவர் வாசலுக்குப் போய்விடுவார். எப்போது கண் விழித்துப் பார்த்தாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். விடிந்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குக் கட்டட சென்ட்ரிங் வேலைக்குக் கிளம்புவார். அம்மா பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. "சோறு வெச்சிருக்குதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று அம்மா சொல்வாள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அப்பாவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும். பாப்பா திரும்பி வந்தால்தான் இந்த வீடு வீடாகும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வழி ஞாயிறு பள்ளியில் கிடைத்தது. செத்துப்போனதாக ஊரே அழுத ஒரு பெண் பிள்ளையை, தூங்குகிறாள் என்று சொல்லி இயேசு எழுப்பிய கதையை டீச்சர் சொன்னார். கையைப் பிடித்து எழுந்திரு என்றாராம், எழுந்துவிட்டாளாம். இவ்வளவு சுலபமான காரியத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் செய்து பார்க்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை உச்சிவெயிலில் புறப்பட்டேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட காட்டைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, அதன் ஓரத்தில் கல்லறைத் தோட்டம். அந்த வேளையில் அங்கே காக்காகூட இருக்காது. காற்றே இல்லாதபோதும் சவுக்கு மரங்கள் ஸ்ஸ் என்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. பாப்பாவின் கல்லறையை அப்பாவே கட்டியிருந்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லாத அளவுக்கு நீளமாக, என் மார் உயரத்துக்கு இருந்தது. குந்தி உட்கார்ந்து சுவரில் காதை வைத்தேன்.

மூச்சு கேட்டது.

நீளமாக, நிதானமாக, முடியும் இடத்தில் மெல்லிய விசிலோடு. காதை எடுத்தேன், சவுக்கின் இரைச்சல். மறுபடி வைத்தேன், மூச்சு. என் உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. ஆனாலும் வந்த காரியத்தை விடக்கூடாதே. "பாப்பா, எழுந்திரு" என்றேன்.

மூச்சு சட்டென்று நின்றது. யாரோ புரண்டு படுக்கும் சத்தம். பிறகு ஒரு முனகல்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

"பாப்பா மூச்சு உடுறாம்மா. பொரண்டுகூட படுத்தா. நான் கேட்டேன்."

அம்மா சுவரிலிருந்து திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, கூந்தலைக்கூட அள்ளி முடியாமல், வெயிலில் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கல்லறையின் அந்தப் பக்கம் போய் அம்மா அசையாமல் நின்றாள். நானும் சுற்றிக்கொண்டு போனேன். சுவரின் ஓரமாக விழுந்திருந்த ஒரு முழ நிழலில், டிபன் பாக்ஸைத் தலைக்கு வைத்து அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கை மட்டும் சுவரைத் தொட்டபடி இருந்தது. சட்டையில் சிமெண்டுக் கறை ஒரு பொட்டுகூட இல்லை. நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அம்மா பொத்திவிட்டாள்.

"எழுப்பாத. இப்பத்தான் தூங்குறாரு."

வெயில் அவர் முகத்துக்கு ஏறியபோது அவள் உட்கார்ந்து முந்தானையை நிழலாகப் பிடித்துக்கொண்டாள். அவர் தானாகக் கண் விழிக்கும்வரை அப்படியே இருந்தாள். விழித்தவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் வேலைக்குப் போகவில்லை என்று அம்மா கேட்கவில்லை.

"சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அவரிடமே கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அம்மா அவர் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டு, அடக்கத்தன்றுகூட அழாத அளவுக்கு அழுதாள்.

எனக்கோ தாங்க முடியாத கோபம். மூன்று பேர் இருந்தும் பாப்பாவை ஒருவரும் எழுப்பவில்லை. வழியெல்லாம் முரண்டு பிடித்தேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா பாயில் வந்து உட்கார்ந்தார். குரல் கட்டியிருந்தது, ஆனாலும் பாட்டை எடுத்துக் கொடுத்தார். ஜெபம் முடிந்ததும் இரண்டு பேரும் ஆமென் என்றார்கள். கேட்டதைக் கொடுக்காத ஆண்டவரோடு இனி எனக்குப் பேச்சே இல்லை என்று முடிவு செய்து, நான் மட்டும் ஆமென் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.