படம் எடுத்தவர்

என் கணவரின் அடக்கத்தன்று ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தார்கள். அது அவர் முகம் மாதிரியே இல்லை. முப்பதாம் நாள் பூசைக்காவது அவர் சிரிக்கும் படம் வேண்டுமென்று, அவருடைய போனோடு உத்திரமேரூர் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

வேளாங்கண்ணி, பூண்டி, பரங்கிமலை என்று நாங்கள் போன ஊர்களையெல்லாம் கடைக்காரத் தம்பி தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இன்னாக்கா, எல்லாத்துலயும் நீங்களேதான் கீறீங்க? அண்ணன் ஒண்ணுத்துல கூட இல்லியே!"

எடுத்ததெல்லாம் அவர்தானே. கூச்சத்தில் நான் திரும்பிக்கொண்டாலும், "இன்னாத்துக்கு வெக்கம்? இங்க பாரு" என்று விடமாட்டார்.

கடைசியாக வேளாங்கண்ணிக் கடற்கரைப் படம் வந்தது. மணலில் என் காலடிவரை அவர் நிழல் நீண்டிருந்தது.

"நெழல வச்சி இன்னாக்கா பண்றது?" என்றார் தம்பி, மெதுவாக.

யார் எதிரிலும் அழாதவள் அங்கேயே அழுதேன். ஆண்டவரே, நீரும் இப்படி எந்தப் படத்திலும் இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீரா? தினமும் அதைத்தான் கேட்கிறேன்.