யார் முதலில் எழும்புவது

அக்காவின் புருஷனுக்கு, அதாவது என் அத்தானுக்கு, அந்த வருஷம் ஒரேயொரு ஆசைதான். பின்னேர வேலையிலிருந்து காலை வேலைக்கு மாற வேண்டும். பிரெஞ்சு பேசுகிற எங்கள் நகரத்தில், லாசால் பகுதியில் ஜன்னல் சட்டம் செய்கிற இடத்துக்குப் பின்னேரம் மூன்று மணிக்குப் போவார். மூன்று வயது மகள் கார்டெரிக்கு, அதுதான் பிள்ளைகள் காப்பகத்துக்கு, கிளம்பும்போது அவர் நித்திரை, அவர் வீடு திரும்பும்போது மகள் நித்திரை. ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு வாடகைக்காரர் மாதிரி என்று நான் சொன்னதற்கு அக்கா இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை.

முதலாளி பின்லாந்துக்காரர். அவருக்கு முன்னால் அத்தானுக்கு வாய் திறக்காது. பனி மூடிக் கிடந்த மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், தன் வீட்டுச் சவுனாவுக்கு, சூட்டில் இருந்து வேர்க்கிற அறைக்கு, வரும்படி அவரே அழைத்தார். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் ஓடும் என்று அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

எனக்கு சவுனா புதிதில்லை. நான் போகிற ஜிம்மில் ஒன்று உண்டு. ஆட்கள் சப்பாத்தோடு உள்ளே இருந்து போனில் சத்தம் போடுவார்கள். இங்குள்ளவர்கள் விரும்பிப் போகும் ஸ்பாவிலோ, தும்மினாலும் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார்கள். முதலாளியுடையது வளவு மூலையில் ஒரு மர அறை. உடுப்பு முழுவதையும் ஆணியில் மாட்டிவிட்டு, கோப்பி போடப் போகிறவர் மாதிரி உள்ளே நடந்தார். அத்தான் காற்சட்டைக்கு மேல் துவாய், துவாய்க்கு மேல் இரண்டு கை.

முதலாளி சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினார். பத்து நிமிஷம் போனது. மறுபடி ஊற்றினார்.

"அத்தான், வெளியில போவமே?"

"அவர் இருக்கேக்க நான் எழும்புறதோ? மரியாதையில்லையடா."

முதலாளியின் முகமும் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. நீங்கள் போகவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டேன். விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரன் எப்படி முதலில் எழும்புவது என்றார்.

அதை நான் உடனே அத்தானுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழ்ப்பலகைக்கு இறங்கி, இரண்டு பேரும் மரியாதையில் அவிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தானின் கண் சொருகியது. திடீரென்று தன் உடைந்த பிரெஞ்சில், "ஐயா, நான், காலை வேலை. மகள்" என்றார். முதலாளி தலையை ஆட்டி ஏதோ சொன்னார்.

"இல்லையாமோ?" அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச வேலைக் கதை கதைக்கக்கூடாதாம். இதுக்குள்ள அவர் முதலாளியும் இல்லையாம்."

"முதலாளி இல்லையெண்டால் பேந்து நான் ஏனடா இருந்து அவியிறன்?"

அத்தான் எழும்பி வெளியே பாய்ந்தார். முதலாளி அதற்காகவே காத்திருந்தவர் போல் பின்னால் ஓடிப் பனிக்குள் விழுந்து படுத்தார். அத்தானுக்கு ஓடிப்போய் நான் ஜாக்கெட்டைப் போர்த்தினேன்.

உடுத்திக்கொண்டு குசினியில் இருந்தபோது, இப்போது கேள் என்றார் முதலாளி. அத்தான் ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். வாரத்தில் மூன்று நாள் காலை வேலை தரலாம், மற்ற இரண்டு நாளுக்கு இடமில்லை என்று பதில் வந்தது.

"ஐஞ்சு நாளும் கேளுங்கோ அத்தான்."

"மூண்டு காணும், அது போதும் எண்டு சொல்லு."

"கேட்டுப் பாப்பமே."

"மூண்டு காணும் எண்டு சொல்லடா!"

சொன்னேன்.

காலை வேலைக்குப் போன முதல் நாள் பின்னேரம் கார்டெரி வாசலில் அவரைக் கண்ட மகள், இன்று வேலை இல்லையா என்று கேட்டாளாம், பிரெஞ்சில்.