காலிக் குடத்தில் நிரப்பிய தண்ணீர்

ஓவியர் ஏகாம்பரம் வரைந்த அட்டைப்படம் ஒன்றைக் கிழக்குச் சுவரில் மாட்டுவதென்று செவ்வாய்ப்பேட்டைக் கலை அன்பர்கள் தீர்மானித்துவிட்டார்கள். இலேசில் எடுத்த முடிவல்ல. மேற்குச் சுவர்க் கட்சியார் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் ராஜினாமாக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். ஆணியை எந்த உயரத்தில் அடிப்பது என்று ஆராய உபகமிட்டி ஒன்றை நியமித்த பிறகே கூட்டம் கலைந்தது. இதைச் சொல்லிவிட்டுப் போக வந்த காரியதரிசிதான், படியிறங்கும்போது, ஏகாம்பரம் காலமாகிவிட்டார் என்பதையும் சொன்னார்.

அவரை நீங்கள் அறிவீர்கள். நான் நடத்திய மாதப் பத்திரிகைக்குப் பல வருஷம் அட்டைப்படம் வரைந்தவர். பூந்தோட்டமும் அதன்மேல் விழும் வெளிச்சமும்தான் அவர் விஷயம். விடிந்து அரை மணி நேரத்து வெயிலை மட்டுமே அவர் வெயிலாக மதித்தார். அதற்குமேல் சேலத்தில் அடிப்பதற்கு "நளினம் போதாது" என்று சன்னலைச் சாத்திவிட்டு, ஒரு சீமை பிஸ்கட் டப்பாவின் மூடியைப் பார்த்து மீதியை முடிப்பார். மூடியில் புல்வெளி, நீரூற்று, ரோஜாக் கொடி எல்லாம் இருந்தன. அங்கே பொழுது ஏறுவதே இல்லை. அது அவருக்கு வசதி. எங்கள் அச்சுக்கூடத்தில் இருந்தவை கறுப்பு மையும் செங்கல் நிற மையும். அவருடைய தோட்டங்கள் அச்சாகி வந்தால் சூளை பற்றிக்கொண்டதுபோல் இருக்கும். "என்ன ஒளி!" என்று வாசகர்கள் எழுதினார்கள். நான் அதையும் பிரசுரித்தேன்.

மழை பொய்த்த இரண்டாம் வருஷம், ஓமலூருக்கு மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து நாச்சிமுத்து என்ற குடியானவர் மனு எழுதிக்கொள்ள என்னிடம் வந்தார். ஊர்க் கிணறுகள் வற்றிவிட்டன. சர்க்கார் ஓர் ஆழக் கிணறு வெட்டித் தரவேண்டும். ஓமலூரில் முகாம் போட வரும் பெரிய அதிகாரி மனுக்களைப் படிப்பதில்லை, படங்களை ஆசையாகப் பார்ப்பார் என்று கேள்வி. வறண்டு கிடக்கும் தோட்டத்தின் படம் ஒன்றை மனுவோடு வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். ஏகாம்பரத்திடம், "நாச்சிமுத்துவின் தோட்டத்தை வரைந்து தாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். இந்தப் பக்கத்தில் தோட்டம் என்றால் கிணற்றுத் தண்ணீர் பாயும் நிலம். ஏகாம்பரம் பட்டணத்தில் படித்தவர். அவருக்குத் தோட்டம் என்றால் பிஸ்கட் டப்பா.

விடியும்போது நாச்சிமுத்துவின் கிணற்று மேட்டில் குடை விரித்து உட்கார்ந்தார். நாச்சிமுத்துவின் மனைவி செல்லாயி குடத்தோடு அந்த வழியே வந்தார்.

"கொஞ்சம் நில்லம்மா, அந்தக் குடத்தோடு."

"கொடம் காலிங்க சாமி. இப்பத்தான் தண்ணிக்குப் போறனுங்க. ரண்டு மைலு போவோணும்."

"பரவாயில்லை. படத்தில் நான் நிரப்பிக்கொள்கிறேன்."

"அப்படியே ஊட்டுத் தொட்டியையும் நெரப்பி உடுங்க. எனக்கு நடை மிச்சம்."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் நின்றார். வெயில் ஏறியது. சாத்துவதற்கு அங்கே சன்னல் இல்லாததால் ஏகாம்பரம் வெகுநேரம் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தார். நோட்டை யாருக்கும் காட்டவில்லை.

முகாமன்று படத்தைச் சட்டம் போட்டே கொண்டுவந்தார். நாச்சிமுத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இது யாரூட்டுத் தோட்டமுங்க?"

"உம்முடையதுதான்."

"எங்களுதுங்களா? நடுவால தண்ணி பீச்சுதே, அதென்னங்க?"

"நீரூற்று."

"அது எந்த மூலையில இருக்குதுன்னு மட்டும் காட்டுங்க சாமி. ஊரே கொடத்தோட வாரமுங்க."

படம் வேண்டாம், மனு மட்டும் போதும் என்றேன். அதற்குள் ஏகாம்பரம் அதை அதிகாரியின் கையில் கொடுத்திருந்தார். அதிகாரி மகிழ்ந்துபோனார். இவ்வளவு தண்ணீர் ஓடும் ஊருக்கு இன்னொரு கிணறு எதற்கு என்று கேட்டு, மனுவின் மூலையில் இரண்டு வார்த்தை எழுதினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அடுத்த மனுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பும் வழியில் வண்டியில் ஏகாம்பரம் சொன்னது இது: "கவனித்தீரா? அவர் முதலில் பார்த்தது வெளிச்சத்தைத்தான்."

துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மனைவி அந்தப் பென்சில் நோட்டை என்னிடம் கொடுத்தார். அதில் நீரூற்று இல்லை. வெடித்த வாய்க்கால், கயிறு தொங்கும் கிணறு, குடத்தைக் கவிழ்த்துப் பிடித்து நிற்கும் செல்லாயி. அந்த வெயிலுக்கு அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை. தாளை வெறுமையாக விட்டிருந்தார், பார்க்கக் கண் கூசியது. மனிதருக்குப் பார்வை கிடையாது என்று எண்ணி இத்தனை வருஷம் அவரை மன்னித்து வந்தேன். இனி அதற்கும் வழியில்லை.

அட்டைப்படத்தை அன்பர்கள் கிழக்குச் சுவரில் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இந்த ஒரு தாள் போதும். நாச்சிமுத்துவிடம் காட்டலாமென்று சென்ற வாரம் அந்த ஊருக்குப் போனேன். ஊரில் யாரும் இல்லை. வீட்டுக் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.