ஷேடு அக்காவும் என் முன்பல்லும்

"மேல் வரிசை, இடது பக்கம் ரெண்டாவது. போட்ட பல்லு," என்கிறாள் அக்கா.

அவள் கையில் இருக்கும் கைப்பேசியில் யாரோ ஒருவர் புதுக் கார் வாங்கிய மகிழ்ச்சியில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அக்கா காரைப் பார்க்கவில்லை. ஆளையும் பார்க்கவில்லை. இரண்டு விரல்களால் படத்தை விரித்துக்கொண்டே போகிறாள். திரை முழுவதும் வெறும் வாயாக ஆனபிறகுதான் நிறுத்துகிறாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்கு நுனிக்குக் கொண்டுபோய், "அவசரத்துல பண்ணியிருக்காங்க. ஓரம் தூக்கிட்டு நிக்குது பாரு," என்று உதட்டைப் பிதுக்குகிறாள். பிறகு கார்காரருக்கு ஒரு லைக்கும் ஒரு பூங்கொத்தும் போட்டுவிட்டு அடுத்த வாய்க்குப் போகிறாள்.

அக்கா என் பெரியம்மா மகள். வயது ஐம்பத்து மூன்று. பல் லேப் ஒன்றில் இருபத்தெட்டு வருடமாகச் செயற்கைப் பல் செய்கிறாள். நீங்களும் நானும் பல் டாக்டரைப் பார்க்கிறோம். அவர் பல்லைச் சீவி, அச்செடுத்து, ஒரு சீட்டோடு அனுப்பிவைக்கிறார். அந்த அச்சு போய்ச் சேரும் இடத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். மாவு போன்ற பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் துளித்துளியாக வைத்துப் பல்லைக் கட்டுகிறாள். சூளையில் வைத்துச் சுட்டு எடுக்கிறாள். அவள் செய்த பல்லால் இந்த ஊரில் எத்தனையோ பேர் கடித்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

லேப்பில் எல்லோரும் அவளை "ஷேடு அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஷேடு என்றால் பல்லின் நிறம். அதைப் பொருத்திப் பார்க்க ஒரு பட்டை உண்டு. பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்திட்டு நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஏ-ஒன்று, ஏ-இரண்டு என்று ஓர் எண். எண் கூடக்கூட மஞ்சளும் கூடும். மற்றவர்கள் இந்தப் பட்டையை வாய்க்கு அருகே வைத்து, தலையைச் சாய்த்து, பெருமூச்செல்லாம் விட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். அக்கா ஒரு பார்வை பார்த்தால் போதும். "ஏ-ரெண்டு. ஓரத்துல கொஞ்சம் சாம்பல்," என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்ன நிறம் தப்பி ஒரு பல் திரும்பி வந்ததில்லை. இதை அவள் சொல்லமாட்டாள். யாராவது கேட்டால் சொல்வாள். யாரும் கேட்காவிட்டால் கேட்கும்படி செய்வாள்.

ஆட்களையும் அவள் எண்ணால்தான் நினைவு வைத்திருக்கிறாள். எங்கள் சித்தப்பாவைப் பற்றிப் பேசினால், "அவரா? ஏ-மூணரை. நாளுக்கு எட்டு காபி. ஆனா மனசு தங்கம்," என்பாள். என் கல்யாணத்துக்கு முன்பு பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்ன ஒரே கருத்து, "பொண்ணு ஏ-ஒண்ணு. நீதான் கொஞ்சம் பார்த்து நடந்துக்கணும்." என் மனைவி இதை இன்றுவரை நற்சான்றிதழாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள்.

இணையத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பெரிய பெரிய கட்டுரைகள் வருகின்றன. நானே இரண்டு எழுதியிருக்கிறேன். அக்கா அவற்றைப் படித்ததில்லை, அவளுக்குத் தேவையும் இல்லை. "வாயை மூடிச் சிரிக்கிறவங்களுக்கு முன்பல் இடைவெளி. எப்பவும் இடது கன்னத்தையே காட்டறவங்களுக்கு வலது பக்கம் ஒண்ணு போயிருக்கும். மோவாயில கைவெச்சு யோசிக்கிற மாதிரி படம் போடறாங்களே, அவங்க ஒண்ணும் யோசிக்கல. கீழ்ப்பல் கோணல்," என்றாள் ஒருநாள். என் இணையப் பக்கத்தில் ஆறு வருடமாக இருப்பது மோவாயில் கைவைத்து யோசிக்கும் படம்தான். நான் பேச்சை மாற்றினேன்.

அவள் ஒன்றும் அப்பழுக்கற்றவள் இல்லை. உறவினர்களின் குழுவில் தூரத்து மாமாக்கள் பல்வலி என்றால் "டாக்டர் அக்கா, என்ன மாத்திரை போடலாம்?" என்று கேட்கிறார்கள். அவள் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டு, "வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க," என்று எழுதுகிறாள். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "பாவம், சங்கடப்படுவாங்க," என்றாள். அவளுடைய முகப்புப் படத்தில் அவள் இல்லை. அவள் செய்த ஒரு கடைவாய்ப்பல் இருக்கிறது. அதற்கு நாற்பது பேர் "அழகு" என்று எழுதியிருக்கிறார்கள்.

இனி என் வண்டவாளம்.

இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். பெயர் "உள்ளபடி". ஒளிவுமறைவில்லாமல் வாழ்வது எப்படி என்று நாள்தோறும் நாலு வரி எழுதுகிறேன். படிக்க ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் நிஜம் என்று ஆராய்ந்து மனத்தை வருத்திக்கொள்வதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு, நேர்மையைப் பற்றிய ஒரு வரிக்குச் சரியான சொல் அகப்படாமல் பேனா மூடியைக் கடித்தேன். ஏற்கனவே வேர் சிகிச்சை செய்த மேல் முன்பல் மடக்கென்று உடைந்து மேசையில் விழுந்தது. சொல் கடைசிவரை அகப்படவில்லை.

பல் டாக்டரிடம் போனேன். மிச்சத்தைச் சீவி அச்செடுத்தார். பக்கத்துப் பல்லை ஒட்டி ஏ-3 மாதிரியைப் பிடித்து, அவருடைய உதவியாளரிடம் படம் எடுக்கச் சொன்னார். வேலை எங்கள் அக்காவிடம்தான் போகிறது என்று தெரிந்ததும், "என் போன்லயே எடுங்க, நானே அனுப்பிடறேன்," என்றேன். உதவி செய்கிற சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேருந்தில் உட்கார்ந்து படத்தைத் திறந்தேன். உதட்டை இழுத்துப் பிடித்த ஒரு வாய். அதில் காபி நிறத்தில் நாலைந்து பற்கள். ஓரத்தில் ஏதோ ஒரு பட்டை. இதையா ஒரு மனிதருக்கு அனுப்புவது என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துச் செய்யவில்லை. என் படம் எதுவாக இருந்தாலும் கட்டைவிரல் தானாகவே படத்தை அழகாக்கும் பொத்தானுக்குப் போய்விடுகிறது. பற்களின்மேல் விரலால் இரண்டு இழுப்பு. வெளுத்தன. பட்டையை நான் தொடவில்லை. அது என் பல் இல்லையே. அனுப்பிவிட்டு நிம்மதியாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

"டாக்டர் ஏ-மூணுன்னு எழுதியிருக்கார்டா. ஆனா படத்துல பட்டையைவிடப் பல்லு நல்ல வெளுப்பா இருக்கு. ஏ-ஒண்ணு சொல்லலாம். உனக்கு இவ்வளவு வெள்ளையாவா இருக்கும்?"

உண்மையைச் சொல்ல அருமையான சந்தர்ப்பம். நான் சொன்னது இது: "தினமும் ரெண்டு வேளை விளக்கறேன்க்கா."

"அதானே, கண்ணு பொய் சொல்லாது. அவருக்கு விளக்கு வெளிச்சத்துல தப்பாத் தெரிஞ்சிருக்கும்," என்று சொல்லி, டாக்டர் எழுதிய எண்ணை அடித்துவிட்டு, தன் கணக்கில் ஏ-ஒன்று பல்லைச் செய்து அனுப்பினாள்.

டாக்டர் அதைப் பொருத்திவிட்டு நெற்றியைச் சுருக்கினார். எனக்குப் பிடித்திருந்தது. "பிரமாதம் டாக்டர்," என்றேன். அவர் தயங்கி, தற்காலிகமாக ஒட்டி அனுப்பினார். வெளியே வந்ததும் ஒரு படம் எடுத்துப் போட்டேன். வழக்கமான வெளுப்பில் எல்லாப் பற்களும் அந்தப் புதுப் பல்லோடு அச்சாகப் பொருந்தின. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் பொருந்தாதது மிச்சமிருந்த முப்பத்தொன்றும் என்று தெரிந்தது. பழைய குளியலறைச் சுவரில் ஒரே ஒரு டைலை மட்டும் மாற்றியதுபோல் இருந்தது. "நீங்க பேசறப்ப அது ஒண்ணுதான் பேசற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. அன்று சாயங்காலமே டாக்டரிடம் ஓடினேன்.

அவர் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு லேப்புக்குப் போன் செய்தார். "நான் ஏ-மூணுன்னு தெளிவா எழுதியிருக்கேன்ம்மா. உங்க கண்ணுதான் எல்லாம்னு நினைச்சா எப்படி? இனிமே சீட்டுல இருக்கறதை மட்டும் பண்ணுங்க." மறுமுனையில் அக்கா, "சரிங்க டாக்டர்," என்றது எனக்கே கேட்டது. வாயில் பஞ்சு வைத்திருந்ததால் என்னால் பேச முடியவில்லை. பஞ்சை எடுத்தபிறகும் பேசவில்லை.

ஒன்பது நாள் கழித்து, புது நிறம் பார்க்க லேப்புக்கே நேரில் வரச் சொன்னார்கள். அன்று காலை "தவறை ஒப்புக்கொள்பவனே உயர்ந்தவன்" என்று என் பக்கத்தில் எழுதியிருந்தேன். முன்னூற்றுச் சொச்சம் பேருக்குப் பிடித்திருந்தது. முதல் லைக் அக்காவுடையது.

ஜன்னலோரம் இருக்கும் பீங்கான் மேசையில் அவள் இல்லை. கழுவிய தூரிகைகள் கண்ணாடிக் குவளையில் தலைகீழாக நின்றன. அக்கா பின்கட்டில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற மேசையில், அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை வெள்ளை. நிறம் பார்க்கிற பட்டை பக்கத்து மேசைக்காரியின் கையில் இருந்தது.

"வாடா. இவ பார்ப்பா உனக்கு," என்றாள்.

"நீ பார்க்கலையா?"

"கண்ணு போயிடுச்சுடா. கண் டாக்டர் ஒண்ணுமில்லைங்கறார். எழுத்துப் படிக்கிற கண்ணு வேற, நிறம் பார்க்கிற கண்ணு வேற, அவருக்கு என்ன தெரியும்? ஒண்ணுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாதவ எதுக்கு அந்த மேசையில உட்காரணும்? முதலாளிகிட்ட சொல்லிட்டேன். இனிமே எனக்கு மாவு வேலை போதும்."

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆறுதல் சொன்னேன். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானேக்கா," என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த கனிவு எனக்கே பிடித்திருந்தது.

"ஆமாடா," என்று அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து நான் பேசும்போதெல்லாம் என் வாயைப் பார்த்த அக்கா, இப்போது நான் முன்பல் இல்லாத ஓட்டையோடு எதிரே நின்றும் அதைப் பார்க்கப் பயந்து என் கண்ணைப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"அக்கா, அந்தப் படத்துல பல்லை நான் வெள்ளையாக்கி அனுப்பினேன்."

"எந்தப் படத்துல?"

"நிறம் பார்க்க அனுப்பினேனே, அதுல."

"நிறம் பார்க்க அனுப்பினதுலயா?" அவளுக்கு அது புரியவே இல்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "அதை ஊரா பார்க்கப் போகுது? நான் ஒருத்திதானேடா பார்க்கப் போறேன். எனக்கு எதுக்குடா அழகு காட்டினே?"

"பழக்கம்க்கா. கை தானாப் போயிடுச்சு."

"நான் போன் பண்ணிக் கேட்டேனே. ரெண்டு வேளை விளக்கறேன்னியே."

நான் மேசையில் சிந்தியிருந்த மாவை விரலால் வழித்தேன்.

"ஒன்பது நாள்டா. பஸ்ஸை விட்டு இறங்கி ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னு, இது நிஜமாவே சிவப்புதானா, எனக்குத்தான் அப்படித் தெரியுதான்னு பார்த்துட்டு இருக்கேன். மத்தவங்க ரோட்டைக் கடந்தப்புறம்தான் நான் கடக்கறேன்." அவள் குரல் உடைந்தது. மாவுக் கையால் கண்ணைத் துடைக்கப் போய், கன்னமெல்லாம் வெள்ளை அப்பிக்கொண்டது. பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தப் பக்கத்திலும் போட முடியாது.

"டாக்டருக்குப் போன் போடு," என்றாள் அக்கா. "சத்தமா வை. எல்லாருக்கும் கேக்கணும்."

போட்டேன். சூளை ஆள், முதலாளி, பக்கத்து மேசைக்காரி, புதிதாகச் சேர்ந்த பையன்கள் இரண்டு பேர், அக்கா எல்லோரும் சுற்றி நிற்க, "டாக்டர், தப்பு லேப்புல இல்ல, நான்தான் படத்துல பல்லை வெளுத்து அனுப்பினேன்," என்று ஓட்டைப் பல் வழியே காற்றுப் போகச் சொன்னேன். ஆறாயிரம் பேருக்கு எழுதிப் பழகியவன், ஆறு பேர் முன்னால் வியர்த்துப்போனேன். டாக்டர் "என்னது?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில், "அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க," என்றார்.

அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்து முழங்கை வரை நிதானமாகக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். "இதையும் உன் பக்கத்துல போடுவியா?" என்று கேட்டாள்.

"போடலக்கா."

"போடறதா இருந்தா முழுசாப் போடு."

என் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கி, தன் மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்தினாள். பக்கத்து மேசைக்காரியிடம் கையை நீட்டி, பட்டையை வாங்கினாள். என் தோளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"வாயைத் திற. படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு வேணாம். திற."

திறந்தேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். ஒரு மாதிரியை எடுத்து என் பல்லோடு ஒட்டிப் பிடித்தாள். ஒரு பார்வைதான். பிறகு டாக்டரின் சீட்டை எடுத்து, அதில் இருந்த ஏ-3ஐப் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக எழுதினாள்: ஏ-3½.