பவுலின் பார்த்த காட்சி

கள்ளக்குறிச்சியில் ஒரு புதுப்படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று கேட்க வேண்டுமானால், கடைவீதியில் இருக்கும் ஒரு ஜவுளிக்கடையின் மாடிக்கு ஏற வேண்டும். அங்கே பருத்திச் சேலைப் பிரிவில் பவுலின் நிற்பார். நிற்பார் என்றுதான் எழுத வேண்டும். விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி போடவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நாற்காலியும் வந்துவிட்டது. அதில் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

"அக்கா, இது சாயம் போவுமா?"

"போவும். தனியா ஊறவையி. மொத தண்ணியில கல்லுப்பு போடு."

"அந்தப் புதுப்படம் எப்பிடிக்கா?"

"அதுவும் அப்பிடித்தான். மொத பாதி பளபளன்னு இருக்கும். ரெண்டாம் பாதியில எல்லாம் போயிடும்."

வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் பெண்கள்கூட, சேலையை மடியில் போட்டுக்கொண்டு இதைத்தான் கேட்பார்கள். விற்க வேண்டிய சேலையைப் பற்றியே "இது போவும்" என்று வாய் கூசாமல் சொல்கிறவர், படத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கை. முதலாளிக்கு இந்தக் குணம் பிடிக்காது. ஆனால் பவுலின் பிரிவில்தான் கூட்டம் நிற்கிறது. எனவே பல்லைக் கடித்துக்கொள்வார்.

முதல் நாள் முதல் காட்சிக்குப் பவுலின் தனியாகத்தான் போவார். கணவர் லூர்துராஜுக்குத் திரையரங்கில் விளக்கை அணைத்தால் தூக்கம் வந்துவிடும். மகள் ஜூலியா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். விசிலும் காகிதத் துண்டுமாகப் பறக்கும் இளவட்டங்களுக்கு நடுவே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து படம் பார்ப்பதை ஊர் முதலில் ஒரு மாதிரி பார்த்தது. பிறகு அவருடைய கருத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

அந்தப் படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் பவுலினை விட்டுவிட்டு நடிகருக்காகச் சண்டை பிடிப்பீர்கள். பெரிய நடிகர், மீசை முறுக்கும் பண்ணையார் வேடம், அவ்வளவு போதும். தங்கை காலனிப் பையனைக் காதலித்து மணந்துகொள்கிறாள். அண்ணன் அவளை வாசலுக்கு வெளியே தள்ளி, "மூடுன கதவு மூடுனதுதான்" என்று வசனம் பேசுகிறார். தியேட்டர் அதிர்கிறது. பவுலின் வெறுத்துப்போய் எழுந்து போக நினைத்தாராம். நல்லவேளையாக எழவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக, கூட வேலை செய்யும் இசைவாணியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏ புள்ள, இன்னா படம் தெரியுமா! கடைசில ஒரு காட்சி வருது பாரு."

"இன்னாக்கா காட்சி?"

"முடிவ சொல்ல மாட்டேன். போய்ப் பாரு."

முடிவைச் சொல்லக் கூடாது என்பது பவுலின் வைத்திருந்த விதி. அந்த விதியை அன்று மதியம் ஒரே ஒருவருக்காக உடைத்தார். அவர் தங்கமணி. ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம். கணவர் தெய்வசிகாமணி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். டிராக்டரின் முகப்பில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நடிகரின் படம் ஒட்டியிருப்பார்; அவரை 'எங்க அண்ணன்' என்றுதான் சொல்வார். அவருடைய தங்கை தேவிப்ரியா, அதே ஊர்க் காலனியைச் சேர்ந்த சரத்குமாரை மணந்துகொண்டு சின்னசேலத்தில் குடியிருக்கிறார். அண்ணன் தலைமுழுகிவிட்டார்.

"தேவிக்கு ஏழாவது மாசம்க்கா" என்றார் தங்கமணி. "பொறந்த வூட்லேர்ந்து ஒரு முழம் பூ போவல. நான் பேச்செடுத்தா சோத்துத் தட்ட தள்ளிட்டு எழுந்து போறாரு."

பவுலினுக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டார். படத்தின் கடைசியில் அந்தத் தங்கை தன் கணவனோடு திரும்பி வருகிறாள். வீட்டுக்குள் வரவில்லை, தெருவில் நிற்கிறாள். அண்ணன் அரிவாளோடு இறங்கி வருகிறார். அவள் நகரவே இல்லை. "கதவ மூடுறது உன் இஷ்டம்ணா. தெரு உன்னுது இல்ல" என்கிறாள். அரிவாள் விழுகிறது. அந்தப் பெரிய நடிகர், மீசையும் அதுவுமாக, காலனிப் பையனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "உள்ள வாங்க" என்கிறார்.

"உங்க வூட்டுக்காரர இஸ்துக்கினு போங்க" என்றார் பவுலின். "நீங்க பேசி கேக்காதவரு, அவரு அண்ணன் பேசுனா கேப்பாரு."

தங்கமணி போனார். அடுத்த முறை அவர் கடை மாடிப்படி ஏறி வந்த சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எப்போதும் "நீங்க" என்பவர் அன்று "நீ" என்றார்.

"இன்னாக்கா, என் குடும்பத்த வச்சு வெளையாடுறியா? எங்க இருக்குது அந்தக் காட்சி? தங்கச்சிக்காரி பஸ் ஏறிப் போவுறா, ஒரு பாட்டு வருது, ஒடனே தேர்த் திருவிழாவுல சண்டை, படம் முடிஞ்சிட்சி! எங்கூட்டுக்காரு வெளிய வந்து இன்னா சொன்னாரு தெரியுமா? 'பாத்தியா, மூடுன கதவு மூடுனதுதான். எங்க அண்ணனே சொல்ட்டாரு.' முந்தி கோவத்துல கெடந்தவரு, இப்ப பெருமையில கெடக்குறாரு!"

பவுலின் இசைவாணியைத் திரும்பிப் பார்த்தார். நேற்று பார்த்துவிட்டு வந்த இசைவாணி தலையைக் குனிந்துகொண்டார். "நானும் தேடுனேன்கா. இல்ல. உங்ககிட்ட எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியல."

முதல் காட்சியில் பவுலினுக்கு முன்வரிசையில் துண்டைச் சுழற்றி ஆடிய ரசிகர் மன்றத்துப் பையன்களைக் கடைவீதியில் நிறுத்திக் கேட்டார். ஒருவன் மற்றவனைப் பார்த்தான். "அப்பிடி ஒரு சீனே இல்லக்கா. நீங்க தூங்கிட்டு கெனா கண்டிருப்பீங்க." எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கைப்பேசியில் தேடினால், விமர்சகர்கள் எல்லாரும் "கடைசி இருபது நிமிடத்தைத் திரையில் காண்க" என்று சொல்லிவிட்டு நல்லபிள்ளைகளாக ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் கடையில் பரவியது. சேலை பார்க்க வந்த ஒரு பெண்மணி, "இது சாயம் போவாதுன்றியே, படத்துல சீன் இருக்குதுன்னு சொன்ன மாதிரியா?" என்று சிரித்தார். பவுலின் கையிலிருந்த சேலையை மடிக்கத் தெரியாதவர்போல் மூன்று முறை மடித்தார். இத்தனை வருடமும் நின்று நின்று கால் வீங்கிச் சேர்த்தது அந்த ஒரு சொல் மட்டும்தான்: பவுலின் சொன்னா சரியா இருக்கும். அதுவும் போயிற்று. அதைவிட, அவர் சொல்லை நம்பிப் போனதால் சின்னசேலத்தில் ஒரு பெண்ணுக்குக் கதவு இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. இரவுச் சாப்பாட்டின்போது, "நெஜமாவே தூங்கிட்டனா?" என்று கணவரைக் கேட்டாராம். "தியேட்டர்ல தூங்கறது என் வேலை. அத நீ எடுத்துக்காத" என்றார் லூர்துராஜ்.

ஜூலியாவின் அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

"ம்மா, நீ சொன்ன படத்துக்கு ஹாஸ்டல்லேர்ந்து எல்லாரும் போனோம்மா! அந்தத் தெரு சீன்ல பக்கத்துல ஒருத்தி என் கைய புடிச்சிக்கினு அழுவுறா. 'தெரு உன்னுது இல்ல'ன்னு சொல்லுச்சி பாரு, அய்யோ..."

"ஜூலியா, இன்னா சொன்ன? மறுபடியும் சொல்லு."

சேலத்தில் இருக்கிற காட்சி கள்ளக்குறிச்சியில் இல்லை. பவுலினுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த முறை தங்கமணியைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, தெய்வசிகாமணி பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். பவுலின் மாடியிலிருந்து இறங்கி நேரே அவரிடம் போனார்.

"அண்ணா, உங்க ஆளு படம் பாத்தீங்களா?"

"மூணு தடவ."

"மூணு தடவையும் கொறையாத்தான் பாத்துருக்கீங்க."

தெய்வசிகாமணி நிமிர்ந்தார். "இன்னாமா சொல்ற?"

"கடைசில ஒரு காட்சிய தூக்கிட்டாங்க. உங்க அண்ணன் இதுவரைக்கும் நடிச்சதுலயே அதான் ஒசத்தி. சேலத்துல காட்டுறான். இங்க காட்டல."

"எங்க அண்ணன் படத்துல கைய வைக்க எவனுக்குத் தைரியம்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். செவ்வாக்கெழம எனக்கு லீவு. வாங்க, ரயிலேறிப் போய்ப் பாக்கலாம். அந்தக் காட்சி இல்லன்னா இனிமே எந்தப் படத்தப் பத்தியும் வாயத் தொறக்க மாட்டேன். சேலைய மடிச்சிக்கினு கெடப்பேன்."

"இருந்தா?"

"இருந்தா அத முழுசா பாக்கணும். நடுவுல எழுந்து போவக் கூடாது."

அவர் யோசித்தது ஒரு நொடிதான். சாதி, கௌரவம், தங்கை எதுவும் அப்போது அவர் மண்டையில் இல்லை. தன் நடிகரின் படத்தில் தான் பார்க்காத சில நிமிடங்கள் இருக்கின்றன! எந்த ரசிகனால் அதைத் தாங்க முடியும்?

சின்னசேலத்தில் ரயிலேறினார்கள்: பவுலின், தங்கமணி, தெய்வசிகாமணி, விடுப்புச் சொல்லிவிட்டு வந்த இசைவாணி. ஜன்னலில் கல்வராயன் மலை கூடவே வந்தது; யாரும் பார்க்கவில்லை. வழியெல்லாம் சண்டை. தேர்ச் சண்டையில் அண்ணன் ஒரே ஆளாக முப்பது பேரை அடித்தது நியாயமா என்று இசைவாணி கேட்க, "நாப்பது பேரு" என்று தெய்வசிகாமணி திருத்தினார். "நாயகிக்குப் படத்துல இன்னா வேலை? துணி காயப்போடுறது" என்றார் பவுலின். "பாட்டு இருக்குதே" என்றார் அவர். "அதுலயும் துணிதான் காயப்போடுது" என்றார் தங்கமணி. தெய்வசிகாமணியே சிரித்துவிட்டார்.

சேலத்துத் திரையரங்கில் கதவு வசனம் வந்தபோது தெய்வசிகாமணி பலமாகக் கைதட்டினார். பஸ் பாட்டு வந்தது. பவுலின் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஒருவேளை இங்கேயும் வெட்டியிருந்தால்? பாட்டு முடிந்தது. தேர் வரவில்லை. தெரு வந்தது.

"வருது! வருதுடி!" இசைவாணியின் கையைப் பவுலின் கிள்ளியே விட்டார். தங்கமணி இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார்.

தங்கை நின்றாள். அண்ணன் அரிவாளோடு இறங்கினார். "தெரு உன்னுது இல்ல" என்ற சொல் விழுந்ததும் அரங்கம் மொத்தமும் மூச்சை இழுத்தது கேட்டது. கும்பிட்ட கை திரை முழுக்க விரிந்தபோது பின்வரிசைகள் எழுந்து நின்றன. விசில், கூச்சல், யாரோ ஒருவருடைய அழுகை. தெய்வசிகாமணி மட்டும் எழவில்லை, தட்டவும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றி உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"இதையாடா வெட்டுனீங்க!"

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை, நேரே தியேட்டர்தான். பெண்கள் மூவரும் பின்னால். மேலாளர் பகலவன் முதலில் கைவிரித்தார். பிறகு உடைந்தார். முதல் காட்சி முடிந்ததுமே ரசிகர் மன்றத்துத் தலைவன் அறைக்குள் வந்து, "எங்க அண்ணன் காலனிக்காரன கும்பிடுறதா? அடுத்த ஷோவுல அது வந்தா ஸ்கிரீன் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனானாம். "நான் இன்னாங்க பண்றது? பிலிம வெட்டவா செஞ்சேன்? கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டித் தாண்டி வுட்டேன்."

ஒரு தட்டு! சான்றிதழ் பெற்ற படத்தில் கைவைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் நான் கொதிப்பது அதற்காக மட்டுமல்ல. சாதித் திமிருக்குச் சவுக்கடி கொடுக்க எடுத்த படத்தை, ஒரு தட்டில் சாதித் திமிருக்குத் தாலாட்டாக மாற்றிவிட்டார்கள். கதவு மூடுகிற வசனம் இருக்கிறது. கதவு திறக்கிற காட்சி இல்லை. ஊரில் பாதிப்பேர் அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த நோய் ஒரு மதத்துக்குச் சொந்தமானதும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடிவிட்டு, சம்பந்தம் பேசும்போது மட்டும் அவரவர் தெருவுக்குப் போகிறவர்களைப் பவுலினும் அறிவார்.

அதற்குள் மன்றத் தலைவனுக்குச் செய்தி போய், அவனும் ஆட்களோடு வந்துவிட்டான்.

"அண்ணே, நம்ம ஆளு மானத்தக் காப்பாத்தத்தான் செஞ்சோம்" என்றான்.

"டேய், அவரே கும்பிட்டாருடா!" தெய்வசிகாமணியின் குரல் டிக்கெட் கவுண்டர் வரை கேட்டது. "நடிச்ச அண்ணனுக்கே இல்லாத கௌரவம் ஒனக்கு எங்கேர்ந்துடா வந்துச்சி? என் அண்ணன் படத்த எனக்கே கொறைச்சிக் காட்ட நீ யாருடா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "இன்னா காட்சி? இன்னா வெட்டுனீங்க?" என்று ஆளுக்கு ஆள் கேட்க ஆரம்பித்தார்கள். பவுலின் சொன்னார். அந்த வாசலில் நின்று, முதல் நாள் பார்த்ததை, அரிவாள் விழுந்த சத்தம் வரைக்கும் சொன்னார். "முழுப் படத்தக் காட்டு, இல்லாட்டி காசக் குடு!" என்று ஒரு குரல் கிளம்பியது, பல குரல்கள் சேர்ந்துகொண்டன. மன்றத் தலைவன் எப்போது நழுவினான் என்று யாருக்கும் தெரியாது. மாலைக் காட்சியில் தெரு திரும்பி வந்தது. அந்த வாரம் முழுக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். வெள்ளிமலைப் பஸ்ஸில் வந்த ஒரு குழு, படம் முடிந்ததும் கடை மாடியேறி, "அக்கா, பாத்துட்டோம்!" என்று கத்திவிட்டு, சேலை எதுவும் எடுக்காமல் இறங்கிப் போயிற்று. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டார்.

தெய்வசிகாமணி மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று அவர் கொதித்தது தங்கைக்காக அல்ல, நடிகருக்காக. அதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் ஒரு பிற்பகல் அவரே தங்கமணியோடு மாடியேறி வந்தார். பவுலினின் முகத்தைப் பார்க்காமல் அடுக்கைப் பார்த்தார்.

"ஒரு சேலை குடும்மா."

"யாருக்குண்ணா?"

தங்கமணியின் கண்கள் பளபளத்தன. "பச்சையில பாருங்கக்கா. தேவிக்குப் பச்சைன்னா உசுரு."

அவர் கை ஒரு கரும்பச்சைச் சேலையின் மேல் போய் நின்றது. "இது சாயம் போவுமா?"

"போவும்ணா. அத எடுக்காதீங்க" என்று பவுலின் வேறொன்றை விரித்தார். "இது நிக்கும்."

அவர் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சொன்னா சரி. கட்டு" என்றார். படியிறங்கப் போனவர் பாதியில் திரும்பினார்.

"ஒண்ணு சொல்லு. அந்தக் காட்சியில அண்ணன் நடிப்பு எப்பிடி?"

"அந்தக் காட்சி பிரமாதம். தேர் சண்டைதான் தாங்கல."

"நாப்பது பேரும்மா! ஒத்த ஆளா!" என்று அவர் மூன்று படி மேலே ஏறி வந்தார்.